ஆயர் வீட்டில் யார் பேசலாம்? வேதபாடக் கூட்டத்தின் கதை

சிஎஸ்ஐ, லுத்தரன் சபைகள் இருக்கிற தெருக்களில் இதைப் பார்த்திருப்பீங்க. வார நாளில் ஒரு சாயங்காலம். ஒரு வீட்டு வாசலில் இருபது ஜோடி செருப்பு. உள்ளே பாய் விரித்திருக்கும், பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கும். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், வேதாகமத்தில் ஒரு அதிகாரம், அதைப் பற்றி கொஞ்சம் பேச்சு, கடைசியில் டீ. காட்டேஜ் பிரேயர் என்பார்கள், வீட்டு ஜெபக்கூட்டம் என்பார்கள், வேதபாடக் கூட்டம் என்பார்கள். யாருக்கும் இதில் அதிசயமாக எதுவும் தெரியாது.

ஆனால் ஐரோப்பாவின் சில நாடுகளில் இந்த மாதிரி கூட்டம் நூறு வருஷத்துக்கு மேல் குற்றமாக இருந்தது. ஸ்வீடனில் 1726இல் தடைச் சட்டம் வந்தது. குடும்பத்தோடு வீட்டில் ஜெபம் செய்யலாம், வெளி ஆட்களைக் கூட்டக் கூடாது. அந்தச் சட்டம் 1858இல்தான் போனது. டென்மார்க்-நார்வே அரசு 1741இல் இதே போல ஒன்று கொண்டுவந்தது. சேகர ஆயருக்குத் தெரியாமல் கூட்டம் நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். நார்வேயில் ஹான்ஸ் நீல்சன் ஹௌகே என்ற விவசாயியின் மகன் ஊர் ஊராக வீடுகளில் கூட்டம் நடத்தியதற்காக 1804இல் கைதாகி, வழக்கு முடிய 1814 ஆகிவிட்டது.

இதில் எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். இவை எல்லாமே கிறிஸ்தவ நாடுகள். அரசனும் கிறிஸ்தவன், ஆயரும் கிறிஸ்தவர், கூடிப் படிப்பவர்களும் கிறிஸ்தவர்கள், படிக்கிற புத்தகமும் எல்லாருக்கும் பொதுவான அதே புத்தகம். அப்புறம் எதுக்குப் பயம்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு வீடுகளுக்கு வந்து சேர்கிறோம். இரண்டுமே ஆயர் வீடுகள். ஒன்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில், 1670. இன்னொன்று இங்கிலாந்தின் ஒரு சின்ன ஊரில், 1712. இரண்டுக்கும் நடுவில் நம்ம தரங்கம்பாடி இருக்கிறது என்பதுதான் நான் எதிர்பார்க்காதது.

கேட்க மட்டும் அனுமதி

பதினேழாம் நூற்றாண்டு லுத்தரன் சபையில் ஞாயிறு ஆராதனை எப்படி இருந்திருக்கும்? ஒவ்வொரு ஞாயிறுக்கும் இன்ன பகுதி வாசிக்க வேண்டும் என்று ஒரு அட்டவணை. வருஷா வருஷம் அதே பகுதிகள் திரும்ப வரும். அதை வைத்துத்தான் பிரசங்கம். ஐம்பது வருஷம் ஒழுங்காகக் கோயிலுக்குப் போன ஒருவர் வேதாகமத்தின் ஒரு சின்னப் பங்கைத்தான் கேட்டிருப்பார், மற்றது அவர் காதில் விழுந்தே இருக்காது.

இன்னொரு விஷயம், சபையார் பேச முடியாது. பாடலாம், விசுவாசப் பிரமாணம் சொல்லலாம், ஆமென் போடலாம். வாசித்த பகுதியைப் பற்றி "எனக்கு இது விளங்கலையே ஐயா" என்று எழுந்து கேட்க ஆராதனையில் இடமே கிடையாது. எங்க தொழில் பாஷையில் சொன்னால் 'ரீட் ஒன்லி' அனுமதி. அதையும் பெரும்பாலும் வேறொருவர் வாசிக்கக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தனைக்கும் லுத்தர் 1526இலேயே இதைப் பற்றி யோசித்திருக்கிறார். உண்மையான ஆர்வம் உள்ளவர்கள் தனியாக ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கலாம், வாசிக்கலாம் என்று ஜெர்மன் மொழி ஆராதனை முறைக்கு எழுதிய முன்னுரையில் சொல்கிறார். ஆனால் அதற்கான ஆட்கள் தன்னிடம் இன்னும் இல்லை என்று அங்கேயே விட்டுவிட்டார். அதற்குப் பின் சுமார் 150 வருஷம் அந்த யோசனை காகிதத்தில் தூங்கியது.

முதல் வீடு: ஃபிராங்க்ஃபர்ட், 1670

பிலிப் யாக்கோப் ஷ்பேனர் 1666இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தின் தலைமை ஆயராக வந்தபோது வயது 31. அவருக்குக் கீழே இருந்த ஆயர்கள் பலர் அவரைவிட மூத்தவர்கள். 1670இல் சபையைச் சேர்ந்த சிலர் அவரிடம் வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் யோஹான் யாக்கோப் ஷூட்ஸ் என்ற வக்கீல். நாலு பேர் சேர்ந்தால் ஊர்க்கதைதான் பேசுகிறோம், ஆத்துமாவுக்கு உதவுகிற மாதிரி பேச ஒரு இடம் வேண்டும் என்பது அவர்கள் குறை. யோசனை சபையாரிடமிருந்து வந்தது என்பதைக் கவனிக்கணும்.

ஷ்பேனர் தன் வீட்டு வாசிப்பு அறையைத் திறந்துவிட்டார். வாரம் இரண்டு நாள் கூட்டம். முதலில் பக்தி நூல்களைப் படித்துப் பேசினார்கள். சில வருஷத்தில் வேதாகமத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியை வாசிப்பது, ஷ்பேனர் கொஞ்சம் விளக்குவது, பிறகு யார் வேண்டுமானாலும் தனக்குப் பட்டதைச் சொல்வது. இதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட லத்தீன் பெயர் கொலேகியா பியெட்டாட்டிஸ், பக்திக் கூட்டங்கள். மேல்குடி ஆட்களும் வந்தார்கள், வேலைக்காரர்களும் வந்தார்கள். பெண்களும் வந்தார்கள். ஆனால் அவர்கள் தனியாக உட்கார்ந்து கேட்கலாம், பேசக் கூடாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, இரண்டாவது வீட்டுக்குப் போகும்போது தேவைப்படும்.

1675இல் ஷ்பேனர் ஒரு சின்ன நூல் எழுதினார். பெயர் பியா டெசிடெரியா, பக்தியான ஆசைகள் என்று சொல்லலாம். முதலில் வேறொருவரின் பிரசங்கத் தொகுப்புக்கு முன்னுரையாக வந்து, அதே வருஷம் தனி நூலாகவும் வந்தது. சபை சீர்ப்பட அதில் ஆறு யோசனைகள் உண்டு. முதல் யோசனையே இதுதான்: வேதாகமம் மக்களிடையே இன்னும் அதிகமாகப் புழங்க வேண்டும். வீட்டில் வாசியுங்கள், கோயிலில் புத்தகம் புத்தகமாகத் தொடர்ந்து வாசியுங்கள், கூடவே பவுல் 1 கொரிந்தியர் 14இல் விவரிக்கிற மாதிரி பலரும் பேசுகிற கூட்டங்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இரண்டாவது யோசனை, எல்லா விசுவாசிகளும் ஆசாரியர்கள் என்று லுத்தர் சொன்னதை நடைமுறைக்குக் கொண்டுவருவது. மூன்றாவது, கிறிஸ்தவம் என்பது அறிவில் நின்றுவிடக் கூடாது, நடத்தையில் தெரிய வேண்டும் என்பது.

எதிர்ப்பு வரத்தான் செய்தது. ஊருக்குள் வதந்திகள் கிளம்பின. 1677இல் அவற்றுக்குப் பதில் சொல்லியே ஷ்பேனர் கடித வடிவில் ஒரு நூல் வெளியிட வேண்டியிருந்தது. எதிர்த்தவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் நடந்த மதப்போர் 1648இல்தான் முடிந்திருந்தது. ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் சபை உடையும், சபை உடைந்தால் ஊர் உடையும் என்ற பயத்துக்கு அவர்களிடம் அனுபவம் இருந்தது.

அந்தப் பயம் பாதி பலிக்கவும் செய்தது. கூட்டத்தை ஆரம்பிக்கச் சொன்ன அதே ஷூட்ஸ் சில வருஷத்தில் தனி வட்டம் ஒன்றில் சேர்ந்துகொண்டு, பிறகு சபையின் திருவிருந்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். இந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிலம் வாங்கினார்கள். அவர்கள் முகவராக 1683இல் கப்பலேறிய பாஸ்டோரியஸ், 1688இல் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் அடிமை முறையை எதிர்த்து எழுதப்பட்ட மனுவில் கையெழுத்துப் போட்ட நால்வரில் ஒருவர். அது ஒரு தனிக் கதை.

கோயிலுக்குள் போனதும் வந்த மௌனம்

இப்போ எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. தனி வீட்டில் கூட்டம் என்பதுதானே சந்தேகத்துக்குக் காரணம், கோயிலிலேயே வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது என்று ஷ்பேனர் நினைத்தார். 1682இல் அனுமதி கிடைத்து, கூட்டம் வீட்டிலிருந்து கோயிலுக்கு இடம் மாறியது. வருகிறவர்கள் எண்ணிக்கை கூடியது. அதிகாரிகளுக்கும் நிம்மதி.

ஆனால் சாதாரண ஆட்கள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வாசிப்பு அறையில் வாய் திறந்த வியாபாரியும் கைவினைஞரும் கோயிலில் உட்கார்ந்ததும் அமைதியாகிவிட்டார்கள். ஆயர்களும் இறையியல் மாணவர்களும் மட்டும் பேசினார்கள். யாரும் தடை போடவில்லை, பேசலாம் என்ற விதி அப்படியேதான் இருந்தது. கட்டடம்தான் மாறியது.

ஆபீஸில் ஆறு பேர் மீட்டிங்கில் நன்றாகக் கேள்வி கேட்கிற ஆள், அதே விஷயத்தை ஆடிட்டோரியத்தில் பேசும்போது கடைசி வரிசையில் போய் உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன். அனுமதி இருப்பதும் வாய் வருவதும் வேறு வேறு. ஷ்பேனரே இந்த இழப்பை உணர்ந்து வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். வீட்டுக் கூட்டத்தைத் தடை செய்த அரசுகளுக்கும் இது புரிந்திருக்க வேண்டும். வாசிப்பை அவர்கள் தடுக்கவில்லை. குடும்பத்தோடு வாசி, கோயிலில் கேள் என்றுதான் சொன்னார்கள். தடுத்தது, சரிசமமாக உட்கார்ந்து பேசுகிற அந்த அறையை.

ஹால்லே வழியாகத் தரங்கம்பாடி

ஷ்பேனரின் வழியில் வந்தவர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. லைப்சிக் பல்கலைக்கழகத்தில் 1686இல் இளம் ஆசிரியர்கள் வேதாகமத்தை மூல மொழிகளில் படிக்க ஒரு கழகம் தொடங்கினார்கள், ஃபிராங்கே அதில் முக்கியமானவர். படிப்பாளிகள் விஷயமாக இருந்தவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1689இல் ஃபிராங்கேயின் வகுப்புகளுக்கு ஊர் மக்களும் வர ஆரம்பித்ததும் ரகளை. 'பியட்டிஸ்ட்', அதாவது பக்திக்காரன், என்ற கேலிப் பெயர் அப்போதுதான் பரவலாக ஒட்டிக்கொண்டது. 1690இல் தனிக் கூட்டங்களுக்குத் தடை. ஃபிராங்கே எர்ஃபர்ட் போனார், அங்கிருந்தும் 1691இல் வெளியேற்றினார்கள். கடைசியில் 1692இல் ஹால்லே நகரத்தை ஒட்டிய ஒரு ஏழைச் சேகரத்தில் ஆயரானார். அங்கே அநாதை இல்லம், பள்ளிகள், மருந்தகம், அச்சகம் என்று ஒரு நகரமே எழுப்பினார்.

வீட்டில் கூடிப் படிக்க வேண்டுமென்றால் வீட்டில் புத்தகம் இருக்கணுமே. அதற்கும் ஹால்லேயில் வழி கண்டார்கள். 1710இல் தொடங்கிய கான்ஸ்டைன் வேதாகம நிறுவனம், அடுக்கிய அச்செழுத்துகளைக் கலைக்காமல் அப்படியே பக்கம் பக்கமாக வைத்துக்கொள்ளும் முறையைப் பிடித்தது. அடுத்த பதிப்புக்கு மறுபடி எழுத்துக் கோர்க்க வேண்டாம், பிழை இருந்தால் அந்த இடத்தில் மட்டும் திருத்தினால் போதும். விலை இறங்கியது, வேதாகமம் சாதாரண வீட்டுக்குள் போனது.

இந்த ஹால்லேயில் படித்தவர்தான் சீகன்பால்க். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்ப, புளுட்சோவோடு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். மற்றதெல்லாம் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்தார், டேனிஷ் கோட்டைத் தளபதியோடு மோதி நான்கு மாதம் சிறையில் இருந்தார், 1714இல் நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகின. வேலையைப் பார்த்தால் இதுவும் ஃபிராங்க்ஃபர்ட் யோசனையின் நீட்சிதான். ஆயர் படித்துச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தால் ஒரு கையெழுத்துப் பிரதியே போதுமே, இத்தனை சிரமப்பட்டு அச்சடிக்க வேண்டியதில்லை.

அந்த அச்சுப் புத்தகம் மிஷனரிகள் போகாத இடத்துக்கும் போனது. தஞ்சாவூர் மன்னரின் படையில் இருந்த ராஜநாயக்கன் என்ற ரோமன் கத்தோலிக்கர் அதைப் படித்துவிட்டுத்தான் தரங்கம்பாடியைத் தேடி வந்தார். பிறகு பல்லாண்டு காலம் தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக வேலை செய்தார். சாதியில் மேலே இருப்பவர்கள் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய சமூகத்தில் பிறந்தவர் அவர். ஐரோப்பாவில் வக்கீலும் வியாபாரியும் வாய் திறந்ததே பிரச்சினையானது என்றால், இங்கே ஒரு பறையர் வேத நூலைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கிச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க.

சரி, கப்பல்கள் தரங்கம்பாடிக்கு வந்த மாதிரி அங்கிருந்து திரும்பவும் போயின. அவற்றில் கடிதங்கள் போயின. தமிழர்களைப் பற்றி, தமிழைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி மிஷனரிகள் எழுதிய கடிதங்கள். ஹால்லேயில் படித்து, லண்டனில் ராணி ஆனின் கணவருக்கு அரண்மனைக் குருவாக இருந்த போமே என்ற ஜெர்மானியர் அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1709இல் லண்டனில் புத்தகமாக வந்தது. அதில் ஒரு பிரதி எப்வொர்த் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது வீடு: எப்வொர்த், 1712

லிங்கன்ஷயரில் சதுப்பு நிலங்களுக்கு நடுவில் இருக்கிற ஊர் எப்வொர்த். அங்கே இங்கிலாந்துத் திருச்சபையின் ஆயர் சாமுவேல் வெஸ்லி. மனைவி சுசன்னா. 1709இல் வீடு எரிந்துபோய்ப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். கடன் தொல்லை, வீடு நிறையப் பிள்ளைகள். 1711-12 குளிர்காலத்தில் சாமுவேல் திருச்சபை மாமன்றக் கூட்டத்துக்காக லண்டன் போய்விட்டார். சபையை இன்மன் என்ற உதவி ஆயர் பார்த்துக்கொண்டார். அவர் பிரசங்கம் யாருக்கும் ருசிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் மகள் எமிலியா அப்பாவின் அறையில் தரங்கம்பாடி மிஷனரிகளின் புத்தகத்தைக் கண்டெடுத்தார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். சுசன்னா அசைந்துபோனார். பல நாள் வேறு எதையும் யோசிக்கவோ பேசவோ முடியவில்லை என்று கணவருக்கு எழுதுகிறார். நான் ஆணும் இல்லை, ஆயரும் இல்லை, ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகம் செய்யலாமே என்பது அவர் எண்ண ஓட்டம்.

முதலில் பிள்ளைகளிடம் ஆரம்பித்தார். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவது என்று வாரத்தைப் பிரித்துக்கொண்டார். வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்ல்ஸுக்கு. அடுத்தது ஞாயிறு மாலைக் குடும்ப ஜெபம். வேலைக்காரப் பையன் ஒருவன் தன் வீட்டில் போய்ச் சொல்ல, அவன் பெற்றோர் வந்தார்கள். அப்புறம் அக்கம்பக்கம். முப்பது, நாற்பது என்று ஏறி, 200க்கு மேல் வந்தார்கள். நிற்க இடமில்லாமல் சிலர் திரும்பிப் போனார்கள். சுசன்னா நல்ல பிரசங்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாசிப்பார், ஜெபிப்பார், வந்தவர்களோடு பேசுவார். ஃபிராங்க்ஃபர்ட் மாதிரி எல்லாரும் சேர்ந்து ஆராய்கிற கூட்டம் அல்ல இது. ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க மட்டும் அனுமதிக்கப்பட்டவர் இங்கே நடுவில் இருக்கிறார்.

இன்மன் லண்டனுக்குப் புகார் எழுதினார். இங்கிலாந்தில் இது நோகடிக்கிற இடம். 1664, 1670 சட்டங்களின்படி, திருச்சபை முறைக்கு வெளியே, வீட்டாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடினால் குற்றம். 1689இல் சட்டம் தளர்ந்திருந்தாலும் 'சட்டவிரோதக் கூட்டம்' என்ற சொல்லின் கறை போகவில்லை. அதுவும் ஆயர் வீட்டிலேயே, ஆயர் மனைவியே! சுசன்னாவின் அப்பாவே 1662இல் திருச்சபையை விட்டு வெளியேற்றப்பட்ட போதகர். இந்த விவகாரம் அவர் பிறந்த வீட்டுக் கதை.

சாமுவேல் தயங்கி எழுதினார். சுசன்னாவின் பதில் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அவர் வாதத்தை என் சொற்களில் சுருக்கினால் இப்படி வரும். பெண் நடத்துவது வித்தியாசமாகத் தெரியுமா? தெரியும்தான், ஆனால் நீங்கள் இல்லாதபோது இந்த ஆத்துமாக்களுக்கு நான் பொறுப்பு. ஒரு ஆணை வாசிக்கச் சொல்லலாமா? வருகிறவர்களில் எழுத்துக்கூட்டாமல் ஒரு பிரசங்கத்தை வாசிக்கத் தெரிந்த ஆண் ஒருவரும் இல்லை. சபைக்குக் கெடுதலா? கோயிலில் மாலை ஆராதனைக்கு இருபது, இருபத்தைந்து பேர் வந்த இடத்தில் இப்போது 200, 300 பேர் வருகிறார்கள்.

கடைசியில் ஒரு நிபந்தனை. நிறுத்துவது உங்கள் விருப்பம் என்று எழுதாதீர்கள், அது எனக்குப் போதாது. நிறுத்து என்று நேரடியாகக் கட்டளை போடுங்கள். நாளைக்குக் கடவுள் முன் நிற்கும்போது, நல்லது செய்யக் கிடைத்த வாய்ப்பை விட்டதற்கான கணக்கு என் பேரில் இருக்கக் கூடாது.

கீழ்ப்படிவேன் என்கிறார், ஆனால் பொறுப்பு யார் தலையில் என்பதை எழுத்தில் கேட்கிறார். எத்தனையோ அலுவலகங்களில் வாய்மொழி உத்தரவுகளைப் பார்த்த எனக்கு இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கத் தோன்றியது. சாமுவேல் ஊர் திரும்பும் வரை கூட்டம் தொடர்ந்தது.

அதற்குப் பிறகு

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஜானுக்கு அப்போது வயது 8, சார்ல்ஸுக்கு 4. மெதடிஸ்ட் இயக்கத்தை உருவாக்கிய ஜான் வெஸ்லியும் சார்ல்ஸ் வெஸ்லியும் இவர்கள்தான். 1738இல் ஜான் ஜெர்மனிக்குப் போய் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து பேசும் மொரேவியர்களைப் பார்த்தார். அந்த ஊரை நடத்திய சின்சென்டார்ஃப் பிரபுவுக்கு ஞானத்தகப்பனாக இருந்தவர் யார் தெரியுமா? ஷ்பேனர். சிறுவயதில் படித்தது ஹால்லேயில்.

1742இல் பிரிஸ்டலில் ஒரு கட்டடக் கடனை அடைக்க, சபையாரைப் பன்னிரண்டு பேர் கொண்ட பிரிவுகளாக்கி வாரம் ஆளுக்கு ஒரு பென்னி வசூலிக்க முடிவானது. வசூலுக்குப் போன தலைவர்கள் அந்தந்த வீட்டு நிலவரங்களையும் தெரிந்துகொண்டார்கள். அதிலிருந்து வாராந்திர 'கிளாஸ்' கூட்டம் வந்தது. அவற்றில் பலவற்றுக்குப் பெண்கள் தலைவர்கள். எப்வொர்த்தில் விதிவிலக்காக இருந்தது பிரிஸ்டலில் அன்றாட ஏற்பாடானது.

இன்று நம் ஊர் வீட்டுக் கூட்டத்தில் அதிகாரத்தை வாசித்து முடித்ததும் நடத்துகிறவர் நிமிர்ந்து பார்த்து, "இதில் உங்களுக்கு என்ன தோணுது, யாராவது சொல்றீங்களா?" என்று கேட்பார். பெரும்பாலும் ஒரு நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள், ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் வழக்கமாகப் பேசுகிற அண்ணன் ஆரம்பிப்பார். எப்போதாவது அவருக்கு முன்னால், கதவோரம் உட்கார்ந்திருக்கிற ஒரு அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வார். அந்தக் கேள்வியைக் கேட்க விட வேண்டுமா என்பதுதான் ஸ்வீடன் சட்டத்திலும் நார்வே வழக்கிலும் இருந்த பிரச்சினை. அதற்கு அந்த அக்கா பதில் சொல்லலாமா என்பது இன்மன் எழுதிய புகார்.